பத்து நிமிஷச் சலுகை

சிங்ககட் கோட்டை அடிவாரத்தில் அப்பா வாட்சைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் முன்னாடியே ஏறு, தன்வி. லிஃப்ட்லயே வளந்த உனக்கு அந்தச் சலுகை. இன்னிக்கும் எங்கிட்ட தோத்தா டிராயிங் கிளாஸ் கட்!"

"என்னால முடிஞ்ச அளவுக்கு ஏறுறேனேப்பா..."

"கிழிச்ச! போன வாரம் மேல வந்தப்ப என் டி-ஷர்ட் எப்படி நனைஞ்சிருந்துச்சு? அதுக்குப் பேருதான் உழைப்பு!"

டிராயிங் கிளாஸ் போய்விடுமே என்று தன்விக்குப் பயம். முதல் வளைவு தாண்டியதும் நைசாகத் திரும்பி இறங்கி, மேலே போகும் ஷேர் ஜீப்பின் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோட்டை நெருங்கியது. முன்சீட்டில் தொப்பியை இழுத்துவிட்டிருந்த ஆள், பாட்டில் தண்ணீரைத் தன் டி-ஷர்ட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தன்வியின் பயம் போன இடம் தெரியவில்லை.

"முதுகு இன்னும் நனையலப்பா" என்றாள்.