முதல் வருடக் கொழுப்பு

கரூர் சுகாதார மையத்தில் முப்பது வயது நிறைந்தவர்களுக்கு அன்று கட்டாயப் பரிசோதனை. இரட்டையரான யாழிசையும் ஆதவனும் அம்மா தர்ஷினியோடு வந்திருந்தார்கள். கருவியில் விரலை வைத்தால் போதும். பிறந்த முதல் வருடத்தில் உடம்புக்குள் போன கொழுப்பு எதுவென்று சொல்லிவிடும்.

யாழிசைக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு. ஆதவனுக்கு ஒன்றுமில்லை.

“இவ திருட்டுத்தனமா பஜ்ஜி திங்கறா மேடம்,” என்றான் ஆதவன் செவிலியரிடம்.

“வாய மூடுடா. காலைல பரோட்டா தின்னவன் நீ,” என்றாள் யாழிசை.

இருவரும் விரல் வைத்ததும் செவிலியர் திரையைப் பார்த்தார். “உங்க சாப்பாட்டுல தப்பில்லம்மா. தம்பிக்கு முழுக்கத் தாய்ப்பால் கொழுப்பு. உங்களுக்கு டப்பா பால், மட்டமான எண்ணெய் கலந்தது. உடம்பு அப்பவே அதுக்குப் பழகிடுச்சு.”

யாழிசை சிரித்தாள். “மாத்திப் பாத்துட்டீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பால்தான். அம்மா எத்தன தடவ சொல்லியிருக்காங்க.”

செவிலியர் மறுபடி விரலை வைக்கச் சொன்னார். அதே விடைதான் வந்தது. யாழிசை திரும்பினாள். தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா?”

“ரெண்டு பேருக்கும் பால் பத்தலடி.”

“சரி. அப்புறம் ஏன் அவனுக்கு?”

தர்ஷினி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். ஆதவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி அப்படியே நின்றான்.

“டப்பா பாலக் குடுத்தா அவன் துப்பிட்டு அழுவான். நீ எதக் குடுத்தாலும் குடிச்சிட்டுப் பேசாம தூங்கிடுவ.”

அப்போதும் யாழிசை அழவில்லை. கருவியிலிருந்து விரலை எடுக்கத்தான் மறந்துவிட்டாள்.