நீட்டிய கை

கட்டு மாற்றும் அறையில் ஜன்னல் வெயில் இரண்டு கட்டில்களிலும் ஒன்றுபோலவே விழுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கிழித்த தேவகனியின் காலிலிருந்து நர்ஸ் பழைய துணியை உரிக்கிறாள். அது சதையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தேவகனி பல்லைக் கடித்துக்கொள்கிறாள். அலறுவது அடுத்த கட்டிலில், தன் முறைக்குக் காத்திருக்கும் சுபிதா. அவளை இன்னும் யாரும் தொடவேயில்லை. ஜெபிக்க வந்த சபைப் பெண்கள் தேவகனியைக் கடந்துபோய் சுபிதாவைச் சுற்றிக் கண்மூடுகிறார்கள். எத்தனை பேர் அவளுக்கு! “இந்த அக்காவப் பாரு, சத்தம் உண்டா?” என்கிறாள் நர்ஸ் சுபிதாவிடம். “இவளுக்கு நோவொண்ணும் தெரியாது சிஸ்டர்” என்று தேவகனியின் கணவன் ஜான்ரோஸ் பெருமையாகச் சிரிக்கிறான். அவன் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவள் கையை நீட்டுகிறாள். “ஏட்டி, பிளாஸ்க் எங்க? பாவம், அந்தப் பிள்ளைக்குக் குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் குடுக்கணும்” என்கிறான் அவன், சுபிதாவைப் பார்த்தபடி. நீட்டிய கையாலேயே தேவகனி பிளாஸ்கைக் காட்டுகிறாள்.