பழைய அடாப்டரும் மாடித் தம்பியும்

போன தவக்காலத்தில், எங்கள் வீட்டு நெட்டைச் சரிசெய்ய வந்த சவரிராஜ் தம்பி சொன்ன கதை இது.

ஒரு வீட்டில் கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் அடாப்டர்கள் இரண்டு. கீழே இருந்தது பழசு. மாடியில் இருந்தது வேறு கம்பெனிப் புதுசு. சாயங்காலத்துக்குள் ஒன்றோடொன்று சேராவிட்டால் இரண்டையும் தூக்கிப்போடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பழசு காலையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தது. பதிலே இல்லை. "வேற கம்பெனிக்காரன்ல, திமிரு!" என்று பொருமியது.

வீட்டுக்காரர் வந்து அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கினார். "மாதாவே, என் கதை முடிஞ்சுது!" என்று நடுங்கியது. அவரோ நேராகச் சுவர் பிளக்கில் செருகினார்.

உடனே மாடியிலிருந்து குரல் கேட்டது. "அண்ணே! காலையிலேருந்து கத்துறேன், தொண்டையே போச்சு. என்மேல கோவமா?"

பழசுக்கு உயிர் திரும்பி வந்தது. "இல்லடா தம்பி, அந்த பாக்ஸ் என் காதை அடைச்சிருச்சு. பேசு, பேசு."

கேட்டீர்களே, கோபத்தில் பேசவில்லை என்று நீங்கள் நினைக்கும் தம்பிக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.