வெள்ளை எழுத்து

அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தான்.

இணையத்துச் சமையல் மன்றத்தில் காலையில் அவள் போட்ட கொள்ளுப்பொடிக் குறிப்பு. செல்போனை அவன் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த மன்றம் ஒன்றுதான். அதிலும் அவள் எழுதுவதை ஒரு வரி விடாமல் படித்துவிடுவான்.

கண்ணுக்குத் தெரிகிற வரிகளை.

அந்த மன்றத்துப் பெண்கள் விடுகதை போட்டால் விடைக்கு வெள்ளை நிறக் குறியீடு கொடுத்துவிடுவார்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. மவுஸை அழுத்தி இழுத்தால் நீலப் பட்டைக்குள் விடை எழுந்து வரும்.

கொள்ளுக்கும் மிளகாய்க்கும் நடுவே, மன்றத்துத் தோழி சேலத்து நஸீமாவுக்கு அப்படித்தான் எழுதியிருந்தாள்.

'வியாழன் காலை பிள்ளையோடு வந்துவிடுகிறேன். இனி அடி தாங்காது. பஸ் ஸ்டாண்டில் நில்.'

"உப்புப் போடுறதுக்கு மூணு வரியா? பெரிய எழுத்தாளர்தான்" என்று சிரித்தான். "சுகந்தியக்கா கொள்ளு கொள்ளுன்னு உசிரை வாங்குது. அனுப்பிவிடுவோம். தள்ளு."

"நானே டைப் பண்ணி..."

"தள்ளுங்கிறேன்ல."

இரண்டு பொத்தான்களை அழுத்தினான். பக்கம் முழுக்க நீலமானது.

வியாழன், பிள்ளை, அடி. எல்லாம் பளிச்சென்று நின்றன.

அவன் பார்க்கவில்லை. விசைப்பலகைமேல் குனிந்து, நகலெடுக்க அடுத்த எழுத்து எங்கே இருக்கிறதென்று ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தான். அழுத்தினான்.

நிமிர்வதற்குள் அவள் மவுஸைத் தட்டினாள். நீலம் அடங்கியது.

மெயிலில் ஒட்டினான். கொள்ளு வந்தது, மிளகாய் வந்தது. நடுவில் வெறும் இடைவெளி.

அனுப்பினான்.

அவளுக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சு அப்படியே நின்றது.

சுகந்தியக்காவுக்கு ஒரு பழக்கம். கணினியில் எதைப் படித்தாலும், வரி தப்பிவிடக் கூடாதென்று, மவுஸால் இழுத்து நீலமாக்கிக்கொண்டேதான் படிப்பாள்.

அவனுடைய அக்கா. தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். தம்பியை ஒரு சொல் சொல்லப் பொறுக்காதவள்.

அவன் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. அவளைத்தான் திறக்கச் சொன்னான். பக்கத்தில் வந்து நின்று, வாய்விட்டுப் படித்தான்.

"தம்பி, வியாழன் காலையில அவளை இங்க அனுப்பி வை. பக்கத்துல நின்னு செஞ்சு காட்டட்டும். பிள்ளையும் வரட்டும்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"போயிட்டு வா. அக்கா கேட்டு நான் எதை இல்லேன்னேன்?"

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

வியாழன். அந்தக் கிழமையை அவன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பதில் அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழேயும் மெயில் முடியாமல் நகர்ந்துகொண்டே போனது, வெள்ளையாக.

உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது.

அவள் மவுஸை அழுத்தி இழுத்தாள்.