பேசாப் படத்தில் பேசியவள்

"டெம்பி, படத்துல சத்தம் வராது. நீ அழுதா போதும். என்னத்துக்கு இவ்வளவு பேசற?"

டைரக்டர் விக்கர்ஷாம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அடிமைகளின் துயரத்தைச் சொல்லும் நாவல் ஒன்றை அவர் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரத்து வெயிலில் முகத்தில் பூசிய கரிப்பூச்சு வழிந்துவிட, அடிமைகளாக நடித்த வெள்ளைக்காரர்கள் நிழலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். ஏல மேடையில் மிச்சம் நின்றவள் டெம்பி மட்டும்தான். அங்கே பூச்சு தேவைப்படாத முகம் அவளுடையது. நிஜமான ஏலத்தைப் பார்த்தவளும் அவள் ஒருத்திதான்.

"பிள்ளைய விக்கறப்ப ஒரு தாய் பேசாம நிப்பாளா ஐயா?"

"பேசிக்கோ. ஆனா ஏதோ விலாசம் சொன்ன மாதிரி இருந்ததே?"

"ஆமா. 'ஐசம், நான் உன் அக்கா டெம்பி. ஜாக்சன்வில்ல ஆஷ்லி தெருவுல இருக்கேன், வந்துடுடா'ன்னு சொன்னேன்."

"யாரு அந்த ஐசம்?"

"என் தம்பி. சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே ஏலத்துல வித்துட்டாங்க. விடுதலை வந்த நாள்லேர்ந்து தேடறேன். பேப்பர்ல போட்டுப் பாத்தாச்சு. சர்ச் சர்ச்சா பாதிரியாருங்க அவன் பேரச் சத்தமா வாசிச்சும் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கல."

விக்கர்ஷாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சர்ச்சுல கத்தியே கேக்கல, படத்துலயா கேக்கப்போவுது?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க என் மூஞ்சிய மட்டும் கிட்டக்க எடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன். கரி பூசினவங்கள்ல யாரையாவது அழவெச்சுக்கோங்க."

அவர்களில் ஒருவருக்கும் ஒழுங்காக அழ வராது என்று அவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் கேமராவை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோகச் சொன்னார். கண்ணீர் தாரையாக வழிய, டெம்பி அதையே நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னாள்.

படம் ஊர் ஊராக ஓடியது. ஓடி முடித்துத் திரும்பிய பிரதிகளெல்லாம் கம்பெனிக் கிடங்கில் கிடந்தபோது தீப்பிடித்து, மூலச் சுருளோடு சேர்ந்து சாம்பலாயின.

துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி விக்கர்ஷாம் டெம்பியின் வீட்டுக்கு வந்தார். அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போச்சு டெம்பி. நீ அழுத படச்சுருள்ல ஒரு அடி கூட மிஞ்சல."

"போனா போகட்டும் ஐயா. பாக்க வேண்டியவன் மெம்பிஸ்ல பாத்துட்டான். பாத்த கையோட ரயிலேறி வந்துட்டான்."

"இவரா ஐசம்?" விக்கர்ஷாம் திகைத்துப்போனார். "அதெப்படி? சத்தமே இல்லாத படத்துல நீ கூப்பிட்டது இவருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

டெம்பி மீனைத் தட்டில் எடுத்துவைத்தபடி சொன்னாள்: "கேக்கல ஐயா. அவனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, எழுத்தும் தெரியாது. சின்ன வயசுல அவன் படிச்சதெல்லாம் என் உதட்ட மட்டும்தான்."