கேமராவுக்கு ஒரு தனி முகவரி

ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

போச்சுடா என்று தலையில் கை வைத்தாள். ஒழுங்காக இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ?

போனில் இன்டர்நெட் கம்பெனிப் பெண் நிதானமாகத்தான் இருந்தாள்.

"பயப்படாதீங்க மேடம், அணைஞ்சு எரியும். இவ்ளோ நாள் உங்க தெருவுக்கே நெட்டுல வெளியில ஒரே அட்ரஸ். அதான் உங்க கடையில இருந்து வீட்டு கேமரா தெரியல. ஐபிவி சிக்ஸ்னு புது அட்ரஸ் முறை, அதப் போட்டாச்சுன்னா கேமராவுக்கே தனி அட்ரஸ் வந்துரும்."

வந்தது. எழுத்தும் எண்ணுமாக, முழ நீளத்துக்கு. காலண்டரில் கிழித்த நேற்றைய தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். வெளியிலிருந்து வருவதற்கு அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழிவிடச் சொல்லி ரவுட்டரில் குறித்தாள்.

பச்சை எரிந்தது.

"உனக்குப் புண்ணியமாப் போகும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அம்மா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடக்கைக்கு எட்டும்படி ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில்.

அந்தப் பாட்டில்தான் வம்பு. காலையில் வைத்தது மாலையிலும் வைத்தபடியே இருக்கும். பகலில் தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கெஞ்சினாள். திட்டினாள். அம்மா மசியவில்லை.

இனிக் கடையிலிருந்தே பார்க்கலாம். குடிக்கவில்லை என்றால் ஓடி வந்துவிடலாம்.

கடைக்குக் கிளம்பியபோது வாசலில் மாடிவீட்டுச் செல்லக்கனி எதிர்ப்பட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் எப்போது மோட்டார் போடுவது என்ற சண்டையில் பேச்சு நின்று இரண்டு வருடம். இருப்பதோ ஒரே காம்பவுண்டு. மாடிப்படி இவள் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினொரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. போனைத் திறந்தாள்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அட, அம்மா!

கட்டில், ஜன்னல், பாட்டில், எல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. பாட்டிலில் ஒரு சொட்டுக் குறையவில்லை. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்தது. எட்டவில்லை. தோள்வரை நுழைந்தது. வெளியே யாரோ கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு எக்கினார்கள்.

டம்ளர். அதில் ஒரு ஸ்ட்ரா.

"மெல்லக் குடிங்கத்தை. இன்னைக்கு மோரு."

செல்லக்கனியின் குரல்.

"ஒங்க மவகிட்ட சொல்லிப்புடாதீங்க, என்ன?"

பேச்சு வராத அம்மா உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

அம்மா சிரித்துப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

அவள் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நல்லா இரு தாயி, நல்லா இரு என்று வாய் தானாகச் சொன்னது.

மாலையில் வீடு திரும்பினாள். பாட்டில் நிரம்பியே இருந்தது.

திட்டவில்லை. அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "கள்ளி!"

பிறகு கட்டிலின் காலைப் பிடித்து, ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டாள்.