ஊற்றாத தண்ணீர்

கண் மங்கிவிட்டது. இனி ஓட்டினால் யாரையாவது கொன்றுவிடுவேன் என்றுதான் என் பழைய பெய்கான் காரை விற்றேன்.

வாங்கியவர் வண்டியைக் கிளப்பியதும் என் மனைவி ஃபரங்கீஸ் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தாள்.

“ஊத்தாத. போறவங்க திரும்பி வரணும்னுதான் பின்னாடி தண்ணி ஊத்துறது. இது வரக் கூடாது.”

“இத்தனை வருஷம் நம்மளச் சுமந்துச்சுங்க. சும்மாவா அனுப்புறது?”

கிண்ணத்தைப் பிடுங்கி மாதுளைச் செடிக்கு ஊற்றினேன்.

புது ரேடியேட்டர்தான் மாட்டியிருந்தேன். ஆனாலும் தெருமுனை வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது வண்டி.

ஷீராஸ் வெயிலில் மறுநாளும் அந்தக் கோடு காயவில்லை. துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளிவிட்டு, கேட்டைப் பூட்டினேன்.

இன்று காலை பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே, கார் நிற்கும் இடத்தில், வெறும் காற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஃபரங்கீஸ் கிண்ணத்தை வைத்திருந்தாள்.